தேயிலைத் தொழிற்சாலையில் நிலைத்தன்மைப் பயிற்சி: யாரிடமிருந்து தொடங்குவது?

குன்னூர் பயிற்சி அலுவலர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். குன்னூர், கோத்தகிரி வட்டங்களில் மூன்று தேயிலைத் தொழிற்சாலைகளும் சில தோட்டங்களும் வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தில் பயிற்சிப் பொறுப்பில் இருக்கிறேன். எங்கள் தாய் நிறுவனம் பங்குச் சந்தையில் உள்ளது. அதனால் ஆண்டுதோறும் நிலைத்தன்மை அறிக்கை, அதாவது இயற்கையையும் ஊழியர்களையும் எப்படி நடத்துகிறோம் என்ற கணக்கு, தரவேண்டும். இந்த முறை கோவைத் தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்துவிட்டது: மார்ச் முடிவதற்குள் எல்லா ஊழியர்களுக்கும் நிலைத்தன்மைப் பயிற்சி முடிந்திருக்க வேண்டும், மேலாளர்களுக்குத் தனியாகத் தலைமைப் பண்புப் பயிற்சி நடந்திருக்க வேண்டும்.

இதற்கென ஓர் ஆலோசனை நிறுவனம் கொடுத்திருக்கும் திட்டத்தைப் பார்த்தேன். தொழிலாளர்களுக்குக் கைப்பேசியில் முக்கால் மணி நேரக் காணொளி, முடிவில் பத்துக் கேள்விகள், ஒரு சான்றிதழ். மேலாளர்களுக்கு ஊட்டியில் ஒரு விடுதியில் இரண்டு நாள் வகுப்பு. காணொளியில் துருவக் கரடி வருகிறது, பனிப்பாறை உருகுகிறது. தேயிலையை உலர்த்தச் சூடான காற்றைத் தரும் எங்கள் ஹீட்டரில் எரியும் விறகு எங்கேயும் வரவில்லை.

என் அப்பா கட்டபெட்டுப் பக்கம் சிறு தேயிலை விவசாயி. ஓடையும் சோலையும் கெட்டால் யார் வயிற்றில் அடி விழும் என்பது எனக்கு வீட்டிலேயே தெரியும். அதனால்தான் இதை ஒப்புக்குச் செய்ய மனம் வரவில்லை. பணம் அதிகம் இல்லை. அந்த இரண்டு நாள் வகுப்புக்கு ஒதுக்கிய தொகையை வேறு வழியில் செலவிட அனுமதி கேட்கலாம் என்று நினைக்கிறேன்.

எங்கள் ஆட்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஜார்க்கண்டிலிருந்து வந்த குடும்பங்கள் ஆண்டுதோறும் கூடிக்கொண்டே போகின்றன. அவர்களில் பலருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. தொழிற்சாலையில் முக்கியமான வேலை இரவில்தான் நடக்கிறது. எங்கள் தோட்டக் கொழுந்தைவிட வெளி விவசாயிகளிடம் வாங்கும் கொழுந்து அதிகம். இவ்வளவு பேரில் யாருக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது? எதைச் சொல்லிக்கொடுப்பது? அவர்கள் கற்றுக்கொண்டார்கள் என்பதை எதை வைத்து அறிவது? இதே துறையில் இருந்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

பழைய டீ மேக்கர், கோத்தகிரி எழுதியது:

அம்மா, கோத்தகிரிப் பக்கம் தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கராகவும் பிறகு தொழிற்சாலை மேலாளராகவும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். காணொளி வேண்டாம் என்று சொல்லமாட்டேன். கணக்குக்கு அது தேவையென்றால் நடக்கட்டும். உங்கள் நேரத்தையும் மனத்தையும் மட்டும் அதில் வைக்காதீர்கள். ஒரு தேயிலைத் தொழிற்சாலை காட்டையும் காற்றையும் எப்படி நடத்துகிறது என்பது மூன்று பேரின் கையில் இருக்கிறது: இரவில் விதரிங் (கொழுந்தைக் காற்றில் வாட்டும் வேலை) பார்ப்பவர், ஹீட்டரில் விறகு போடுபவர், கொழுந்தை எடைபோட்டு வாங்குபவர். இவர்களை விட்டுவிட்டு மீதி எல்லோருக்கும் சான்றிதழ் கொடுத்தாலும் உங்கள் புகைபோக்கியில் வரும் புகையின் நிறம் மாறாது.

முதலில் விதரிங். பச்சைக் கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். ஒரு கிலோ தூள் எடுக்க நான்கு கிலோவுக்கு மேல் கொழுந்து வேண்டும் என்பதற்குக் காரணம் அதுதான். மாலையில் கொழுந்தை டிரஃபில் (அடியிலிருந்து காற்று வீசும் நீளமான தொட்டி) பரப்பினால் விடிய விடிய விசிறி ஓடுகிறது. கொழுந்து எப்போது பதமாகிறது என்பது அங்கே நிற்கும் மேஸ்திரிக்குக் கைப்பிடியில் தெரியும். அள்ளி இறுக்கிப் பிடித்து விட்டால் அது எப்படி விரிகிறது என்று பார்த்தே சொல்லிவிடுவார். ஆனால் பெரும்பாலான இடங்களில் விசிறியை நிறுத்தும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. இத்தனை மணிக்குப் போடு, இத்தனை மணிக்கு நிறுத்து என்று அலுவலகத்தில் எழுதி ஒட்டியிருப்பார்கள். தென்மேற்குப் பருவமழையில் ஈரமாக வரும் கொழுந்துக்கும் ஜனவரியில் உறைபனிக்குப் பின் காய்ந்து வரும் கொழுந்துக்கும் ஒரே நேரம். மின்சாரம் வீணாகிறது, தூளின் தரமும் கெடுகிறது.

நான் மேலாளராக இருந்தபோது விதரிங் மேஸ்திரியிடம் இரண்டு பொருள்களைக் கொடுத்தேன். ஒன்று, நிறுத்தும் அதிகாரம். இன்னொன்று, ஒரு நோட்டு. அதில் மூன்றே பத்திகள்: பரப்பிய கொழுந்தின் எடை, தொடங்கும்போது மீட்டர் காட்டிய எண், நிறுத்தும்போது காட்டிய எண். மீட்டர் அதுவரை பூட்டிய அறைக்குள் இருந்தது. விதரிங் பகுதிக்குத் தனி மீட்டர் வைத்து அவர் கண்ணில் படும் இடத்தில் மாட்டினோம். யாரும் அவருக்கு வகுப்பு எடுக்கவில்லை. சில வாரங்களிலேயே எந்த டிரஃபில் காற்று கசிகிறது, எந்த விசிறி மற்றவற்றைவிட அதிகம் இழுக்கிறது என்று அவரே எழுதிக்கொண்டு வந்தார். அடுத்த மழைக்காலத்தில் புதிதாக வந்த பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். உங்கள் நிறுவனத்துக்கு வேண்டிய தலைவர் அந்த மேஸ்திரி. அவரை ஊட்டி விடுதிக்கு யாரும் கூப்பிடப் போவதில்லை.

அறிவியலும் வேண்டும் அம்மா, அதையும் விடக்கூடாது. விசிறி இழுக்கும் மின்சாரம் வேகத்தின் முப்படிக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்ப ஏறி இறங்கும். வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் மின்சாரம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி பொருத்திய விசிறி ஒன்றாவது உங்களிடம் இருந்தால், இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டாமல் மேஸ்திரியின் முன்னால் வேகத்தைக் குறைத்து மீட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். கருவி வாங்கச் சொல்லி அவரே உங்களை நச்சரிப்பார். அப்படி நச்சரிக்கும் ஆளை உருவாக்குவதற்குத்தான் பயிற்சி.

அடுத்தது ஹீட்டர். இங்கே எரிவது பெரும்பாலும் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சில்வர் ஓக்கும். அப்போதுதான் வெட்டிய மரத்தில் எடையில் பாதியளவு தண்ணீர் இருக்கலாம். அதை அப்படியே உள்ளே தள்ளினால் விறகின் சூட்டில் ஒரு பகுதி அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். புகை அதிகம், சூடு குறைவு. சூடு குறைவதால் இன்னும் விறகு. விறகு போடுபவருக்கு இது நன்றாகத் தெரியும். அவர் கேட்பது கூரை போட்ட ஒரு விறகுக் கொட்டகையும், பழைய அடுக்கை முதலில் எடுக்கும்படியான ஒழுங்கும், பெரிய துண்டுகளைப் பிளந்து கொடுக்க ஓர் ஆளும். இந்த மூன்றும் கிடைக்காததற்குக் காரணம் அவருடைய அறியாமை இல்லை. அவர் சொல்வது கணக்குப் பிரிவின் மேசை வரை போய்ச் சேருவதில்லை. ஆகவே இந்த விஷயத்தில் பயிற்சி வேண்டியது விறகு போடுபவருக்கு இல்லை. கொட்டகைச் செலவுக்குக் கையெழுத்துப் போட வேண்டியவருக்கு. அவரை ஒரு நாள் ஹீட்டர் வாசலில் நிறுத்துங்கள். ஈர விறகையும் காய்ந்த விறகையும் தனித்தனியாக எடைபோட்டு எரித்து, டிரையரின் வெப்பமானியைப் பார்க்கச் செய்யுங்கள்.

இது ஒன்றும் புதிய கண்டுபிடிப்பு இல்லை. 2008-இல் தொடங்கி, உலகச் சுற்றுச்சூழல் நிதியமும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் தேயிலை வாரியமும் சேர்ந்து தென்னிந்தியாவின் சிறு தேயிலை ஆலைகளில் எரிசக்தியை மிச்சப்படுத்தும் திட்டம் ஒன்றை நடத்தின. கருவிகளும் வழிமுறைகளும் அப்போதே பேசப்பட்டவைதான். கருவி வந்த பிறகும் ஓர் ஆலையில் பயன் தங்குகிறது, பக்கத்து ஆலையில் தங்குவதில்லை என்றால், அதை இயக்குபவர் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டாரா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

மூன்றாவது ஆள், கொழுந்து வாங்குபவர். இவரைப் பற்றி நீங்களே அதிகம் அறிவீர்கள், சிறு விவசாயியின் மகள் நீங்கள். விவசாயி எந்த மருந்து அடித்தார், அடித்து எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்கக்கூடிய ஒரே ஆள் இவர்தான். தேயிலை வாரியத்தின் பயிர்ப் பாதுகாப்பு விதித்தொகுப்பு 2014-இல் வந்தது. எதை அடிக்கலாம், எதை அடிக்கக்கூடாது என்பது அதில் இருக்கிறது. அது உங்கள் அலுவலகக் கோப்பில் இருந்து பயனில்லை. எடைபோடும் இடத்தில் இருக்க வேண்டும். அதைவிட முக்கியமாக, ‘இந்தக் கொழுந்து வேண்டாம் அண்ணா, ஒரு வாரம் கழித்துப் பறியுங்கள்’ என்று சொல்லும் துணிவு அவருக்கு வேண்டும். அன்றைக்குக் கொள்முதல் குறைந்ததற்காக அவரை யாரும் திட்டக்கூடாது. எடை குறைந்தால் திட்டுவேன், நஞ்சு வந்தாலும் திட்டுவேன் என்று ஒரே மேலாளர் சொல்லும் இடத்தில் எந்தப் பயிற்சியும் வேர் பிடிக்காது.

மேலாளர்களுக்கான அந்த இரண்டு நாள் வகுப்பைப் பற்றி. உங்களிடம் மூன்று தொழிற்சாலைகள் இருக்கின்றன. ஒரு மேலாளரை இன்னொரு தொழிற்சாலைக்கு அனுப்புங்கள். அங்கே உள்ள ஒரு குறையை, விறகோ மின்சாரமோ கழிவுநீரோ, அங்குள்ள ஆட்களோடு உட்கார்ந்து அவர் பார்க்கட்டும். தன் ஆலையில் எவரும் ‘எனக்குத் தெரியவில்லை’ என்று கேட்கமாட்டார். அடுத்தவர் ஆலையில் கேட்டுத்தான் ஆகவேண்டும். விருந்தாளியாகப் போகாமல், மூன்று மாதம் மீண்டும் மீண்டும் போய்வர வேண்டும். செலவு ஜீப்புக்கு டீசல்தான்.

கோவையிலிருந்து ஓர் அறிக்கை எழுத்தர் எழுதியது:

டீ மேக்கர் ஐயா சொன்ன அந்தக் கடைசி யோசனைக்கு ஒரு மரபு இருக்கிறது. இங்கிலாந்தில் ரெக் ரெவன்ஸ் என்ற இயற்பியலாளர் 1940-களில் தேசிய நிலக்கரி வாரியத்தில் இதே வழியைத்தான் வலியுறுத்தினார். சுரங்க மேலாளர்கள் வெளி நிபுணரிடம் கேட்பதைவிட, நடப்பில் உள்ள சிக்கலை வைத்து ஒருவரிடம் ஒருவர் கற்கட்டும் என்பது அவர் கருத்து. இன்று அதைச் செயல்வழிக் கற்றல் என்று மேலாண்மைக் கல்லூரிகளில் கற்பிக்கிறார்கள். உங்கள் தலைமை அலுவலகத்துக்கு ஒரு பெயர் தேவைப்பட்டால் இந்தப் பெயரைக் கொடுங்கள், கோப்பு நகரும்.

நான் இத்தகைய அறிக்கைகளைத் தயாரிப்பவன். அறிக்கை உங்களிடம் எதைக் கேட்கிறது என்று சொன்னால் உங்களுக்குப் பேரம் பேச வசதியாக இருக்கும். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2021-இல் கொண்டுவந்த வணிகப் பொறுப்பு மற்றும் நிலைத்தன்மை அறிக்கை, சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களில் உள்ள பட்டியலிட்ட நிறுவனங்களுக்கு 2022-23 நிதியாண்டிலிருந்து கட்டாயம். ஒன்பது கொள்கைகளின் கீழ் கேள்விகள் வருகின்றன. முதல் கொள்கையிலேயே, இயக்குநர்கள், உயர் நிர்வாகிகள், ஊழியர்கள், தொழிலாளர்கள் என்று பிரித்து, எத்தனை விழுக்காட்டினருக்கு விழிப்புணர்வுப் பயிற்சி கொடுத்தீர்கள் என்று கேட்கிறது. மூன்றாம் கொள்கையில் உடல்நலம், பாதுகாப்பு, திறன் மேம்பாடு ஆகியவற்றுக்கான பயிற்சியை ஆண், பெண் எனப் பிரித்துக் கேட்கிறது.

உங்கள் தலைமை அலுவலகம் துரத்துவது இந்த விழுக்காட்டைத்தான். நூறு என்று எழுதினால் நிம்மதி. ஆனால் படிவத்தை நன்றாகப் பாருங்கள்: பயிற்சி காணொளியாக இருக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை. விதரிங் மேஸ்திரி மீட்டருக்குப் பக்கத்தில் நின்று நான்கு பேருக்குச் சொல்லிக்கொடுத்ததை, தேதி, தலைப்பு, வந்தவர் பெயர் எழுதிக் கையெழுத்து வாங்கி வைத்தால் அதுவும் பயிற்சிதான். அதேபோல, மதிப்புச் சங்கிலியில் உள்ளவர்களுக்கு, உங்கள் விஷயத்தில் சிறு விவசாயிகளுக்கு, நடத்திய விழிப்புணர்வு நிகழ்ச்சிகளைச் சொல்லவும் தனி இடம் இருக்கிறது. கட்டாயக் கேள்விகளில் அது வராது, விரும்பினால் தரலாம் என்ற பகுதியில் வருகிறது. பல நிறுவனங்கள் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடுகின்றன. உங்களிடம் நிரப்ப உண்மையான செய்தி இருக்கும்.

கற்றுக்கொண்டார்களா என்று எப்படி அறிவது எனக் கேட்டிருந்தீர்கள். டொனால்ட் கிர்க்பேட்ரிக் 1959-இல் வகுத்த நான்கு படிகள் இன்றும் போதுமானவை. வகுப்பு பிடித்ததா, விஷயம் மனத்தில் ஏறியதா, வேலையில் நடத்தை மாறியதா, அதனால் நிறுவனத்துக்கு விளைவு கிடைத்ததா. காணொளியின் பத்துக் கேள்விகள் இரண்டாம் படியோடு நின்றுவிடும். மேஸ்திரியின் நோட்டு மூன்றாம், நான்காம் படிகளைச் சேர்த்தே காட்டுகிறது. ஒரு கிலோ தூளுக்கு எத்தனை யூனிட் மின்சாரம், எத்தனை கிலோ விறகு: இந்த இரண்டு எண்களை மாதந்தோறும் ஆலை வாசலில் எழுதிப் போடுங்கள். எரிசக்திப் பயன்பாட்டைக் கேட்கும் ஆறாம் கொள்கைக்கு இதே எண்கள் உதவும்.

ஒரு எடுத்துக்காட்டும் சொல்கிறேன். அமெரிக்காவில் தரைவிரிப்பு செய்யும் இன்டர்ஃபேஸ் நிறுவனத்தின் தலைவர் ரே ஆண்டர்சன் 1994-இல் தன் தொழில் பூமிக்குச் செய்யும் கேட்டைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்கினார். பின்பு 2020-க்குள் அந்தக் கேட்டை முற்றிலும் ஒழிப்போம் என்று நிறுவனம் இலக்கு வைத்தது. கழிவைக் குறைக்கும் வழிகளைத் தொழிலாளர் குழுக்களிடமிருந்தே அது திரட்டியது. மேலே இருப்பவர் மனம் மாறியதும், கீழே இருப்பவரிடம் கேட்டதும் சேர்ந்து நடந்தன. ஒன்று மட்டும் நடந்த நிறுவனங்களின் அறிக்கைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்; படங்கள் அழகாக இருக்கும், எண்கள் நகராது.

கொடைக்கானல் பாதுகாப்பு அலுவலர் எழுதியது:

பழனி மலையிலிருந்து எழுதுகிறேன். மின்சாரமும் விறகும் பேசினீர்கள், நல்லது. நச்சுக் கழிவுகளைப் பற்றி யாரும் சொல்லாததால் இதைச் சேர்க்கிறேன்.

எங்கள் ஊரில் பாம்பார் சோலையை ஒட்டி ஒரு வெப்பமானித் தொழிற்சாலை இருந்தது. 2001-இல் மூஞ்சிக்கல்லில் உள்ள ஒரு பழைய பொருள் கடையில் பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடி மூட்டை மூட்டையாகக் கிடப்பது வெளியே தெரிந்தது. ஊரும் முன்னாள் தொழிலாளர்களும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் திரண்டன. அந்த ஆண்டே தொழிற்சாலை மூடப்பட்டது. 2016-இல், அதை நடத்திவந்த இந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனம் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்படிக்கை செய்துகொண்டது. மூடிய ஆண்டுக்கும் உடன்படிக்கைக்கும் இடையில் பதினைந்து ஆண்டுகள். மண்ணைச் சுத்தம் செய்யும் விவாதம் அதற்குப் பிறகும் ஓயவில்லை.

இளம் பாதுகாப்பு அலுவலர்களிடம் பேசும்போது நான் இதைத் தவறாமல் சொல்வேன். பாதரச ஆவிக்கு மணம் கிடையாது. சாதாரண வெப்பத்திலேயே அது ஆவியாகும். கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத ஒன்றைப் பற்றித் தொழிலாளிக்கு யாராவது சொன்னால்தான் தெரியும். அவர் மொழியில், வேலைக்குச் சேர்ந்த அன்றே, அவருடைய வீட்டாருக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உடையில் ஒட்டியது வீட்டுக்குத்தானே போகிறது.

உங்கள் ஆலையில் என்ன நச்சு இருக்கப்போகிறது என்று நினைக்காதீர்கள். பழைய டியூப் லைட்டுகள் ஒவ்வொன்றிலும் சிறிதளவு பாதரசம் இருக்கிறது. ஜெனரேட்டரின் கழிவு எண்ணெய் இருக்கிறது. தோட்டத்தில் மருந்து டப்பாக்கள் இருக்கின்றன. கழுவிவிட்டு அதிலேயே குடிநீர் பிடிக்கும் வழக்கத்தை மலைத் தோட்டங்களில் நானே பார்த்திருக்கிறேன். இவையெல்லாம் வாசல் வழியாகத்தான் வெளியே போகின்றன. ஆகவே உங்கள் பயிற்சிப் பட்டியலில் இரண்டு பேரைச் சேருங்கள். ஒருவர் வாசல் காவலர். மற்றவர் உங்களிடம் பழைய பொருள் எடுக்கும் கடைக்காரர். எந்தப் பட்டியலிலும் இவர்களை நான் பார்த்ததில்லை. மூஞ்சிக்கல் கடையை நினைத்தால் இவர்கள்தான் முதலில் வரவேண்டும்.

இன்னொன்று. ஆபத்து என்று தோன்றினால் வேலையை நிறுத்தும் உரிமை கடைசித் தொழிலாளி வரைக்கும் இருக்கிறது என்று நிர்வாக இயக்குநர் எழுத்தில் தரவேண்டும். அதைப் பயன்படுத்திய முதல் தொழிலாளியை எப்படி நடத்துகிறீர்கள் என்பதை எல்லோரும் பார்ப்பார்கள். அந்த ஒரு நாளில் அவர்கள் கற்றுக்கொள்வதை எந்த வகுப்பிலும் மாற்ற முடியாது.

கூடலூர் களப் பயிற்றுநர் எழுதியது:

அக்கா, கூடலூர், பந்தலூர் பக்கத் தோட்டங்களில் பெண் தொழிலாளர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். சுருக்கமாக எழுதுகிறேன், நாளை அதிகாலை மஸ்டருக்கு (வேலைக்கு வந்தவர்களைக் கணக்கெடுக்கும் இடம்) போகவேண்டும்.

ஜார்க்கண்ட் குடும்பங்களுக்கு இந்தியில் சொன்னால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். வீட்டில் அவர்கள் பேசுவது பெரும்பாலும் சாதரி அல்லது ஒரு பழங்குடி மொழி. பெண்களில் சிலருக்கு இந்தியும் தடுமாற்றம்தான். மருந்து டப்பாவில் இருக்கும் முக்கோண நிறங்களின் பொருளை அவர்களில் ஒரு பெண்ணுக்குத் தெளிவாகச் சொல்லிக்கொடுங்கள். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, பிறகு மஞ்சள், நீலம், பச்சை என்று இறங்கிவரும். மற்றவர்களுக்கு அந்தப் பெண் தன் மொழியில் சொல்வாள். சொல்வதற்கு அவளுக்குத் தனியாகப் படி கொடுங்கள். கொழுந்து எடையில் சம்பாதிக்கும் நேரத்தை விட்டுவிட்டுச் சும்மா சொல்லிக்கொடு என்றால் அது அநியாயம்.

நேரமும் முக்கியம். மாலை நான்கு மணிக்கு மேல் வகுப்பு வைக்காதீர்கள். பிள்ளை, சமையல், தண்ணீர் எல்லாம் அப்போதுதான் காத்திருக்கும். எங்கள் பக்கம் அந்த நேரத்துக்குப் பிறகு யானை நடமாட்டமும் உண்டு. வேலை நேரத்துக்குள், கூலியோடு, தோட்டத்திலேயே அரைமணி நேரம் போதும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று ஒரு பிடி காய்ந்த புல்லை விட்டுப் பார்த்துவிட்டு, மருந்து அடிப்பவர் எங்கே நிற்கவேண்டும் என்று அவர்களையே கேளுங்கள். அடித்த இடத்தில் எப்போது மறுபடி பறிக்கலாம் என்பதை ஒரு குச்சியில் சிவப்புத் துணி கட்டிக் காட்டலாம். ஓடை ஓரத்தில் எவ்வளவு தூரம் மருந்து அடிக்காமல் விடவேண்டும் என்பதற்கும் அதே போலக் கொடி.

பறிப்பவர்கள் பெண்கள், மேற்பார்வை பார்ப்பவர்கள் ஆண்கள் என்ற ஏற்பாடு மாறாமல் தலைமைப் பயிற்சி என்று பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. இந்த ஆண்டு ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு பெண்ணையாவது மேற்பார்வையாளராக்குவோம் என்று உங்கள் திட்டத்தில் எழுதுங்கள். அவர்களால் முடியுமா என்று யாராவது கேட்டால், உங்கள் கோத்தகிரியிலேயே ஆதிமலைப் பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனம் இருக்கிறது, போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். 2013-இல் தொடங்கியது. தேனும் சிறுதானியமும் காப்பியும் மிளகும் விற்கிறது. பங்குதாரர்கள் பழங்குடி மக்களே, நிர்வாகத்திலும் அவர்களே இருக்கிறார்கள். 2021-இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் விருது அதற்குக் கிடைத்தது. காட்டை அறிந்தவர்கள் கையில் கணக்குப் புத்தகமும் வந்தால் என்ன நடக்கும் என்பதை அங்கே பார்க்கலாம். உங்கள் மேலாளர்கள் ஊட்டி விடுதிக்குப் போகும் வழியில் அரைநாள் அங்கே இறங்கினாலும் பயன்தான்.

குன்னூர் பயிற்சி அலுவலர் எழுதியது:

எல்லோருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. இன்று காலை எங்கள் ஆலைகளில் ஒன்றின் விதரிங் மேஸ்திரியிடம், விசிறியை நிறுத்தும் முடிவு உங்களிடம் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். உட்கார வைத்து, பேசிக்கொண்டே இருந்தார். நான் எழுதிக்கொண்டே இருந்தேன். மீட்டர் எங்கள் ஆலையிலும் பூட்டிய அறைக்குள்தான்.

பழைய பொருள் எடுப்பவரையும் வாசல் காவலரையும் பட்டியலில் சேர்த்துவிட்டேன். பெண் மேற்பார்வையாளர் என்ற வரியையும் எழுதிவிட்டேன். அதற்காகச் சண்டை போடத் தயாராக இருக்கிறேன்.

இனி ஒன்றுதான் பாக்கி. இதற்கெல்லாம் நிர்வாக இயக்குநரின் ஒப்புதல் வேண்டும். அவர் நல்லவர், ஆனால் ஆலைக்கு வருவது ஆண்டுக்கு ஒருமுறை, ஆயுத பூஜைக்கு. அன்றைக்கு எல்லாம் கழுவித் துடைத்து மாலை போட்டிருக்கும். அவரை எப்படி இதற்குள் கொண்டுவருவது? டீ மேக்கர் ஐயா, உங்கள் அனுபவத்தில் சொல்லுங்கள்.

பழைய டீ மேக்கர், கோத்தகிரி எழுதியது:

அம்மா, அவரைக் கொழுந்து குவியும் காலத்தில் கூப்பிடுங்கள். கோடைமழை விழுந்து ஏப்ரல் கடைசி, மே என்றால் மிகவும் நல்லது. பகலில் வேண்டாம், இரவு பத்து மணிக்கு மேல். அந்த நேரத்தில் லாரிகள் வரிசையில் நிற்கும், டிரஃபுகள் நிறைந்திருக்கும், விறகு போடுபவருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. உங்கள் ஆலை உண்மையில் எப்படி ஓடுகிறது என்பது அப்போதுதான் தெரியும். முன்கூட்டியே மேலாளரிடம் சொல்லுங்கள். மறைத்து அழைத்துப்போனால் அவரைக் காட்டிக்கொடுத்ததுபோல் ஆகிவிடும், பிறகு அவர் உங்கள் பக்கம் வரமாட்டார். ஆனால் எதையும் கழுவ வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள்.

உடன் ஒரு ஸ்வெட்டரும் பழைய காலணியும் கொண்டுவரச் சொல்லுங்கள். விளக்கம் சொல்ல மேலாளரை விடாதீர்கள், நீங்களும் பேசாதீர்கள். மேஸ்திரி தன் நோட்டைக் காட்டட்டும், விறகு போடுபவர் இரண்டு வகை விறகையும் எடைபோட்டுக் காட்டட்டும். எடை போடுமிடத்தில் ஒரு விவசாயியோடு அவர் கால் மணி நேரம் பேசட்டும். நீங்கள் கேட்கப்போகும் செலவுப் பட்டியல், கொட்டகை, தனி மீட்டர், சொல்லிக்கொடுப்பவர்களுக்குப் படி, எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். அதை இரவில் நீட்டாதீர்கள். மறுநாள் காலை அவர் கோவைக்குக் கிளம்புவதற்கு முன், அந்த ஆலையின் தூளில் போட்ட தேநீரோடு கொடுங்கள்.

மேஸ்திரிக்கு நோட்டு வாங்கும்போது தடித்த அட்டை போட்டதாக வாங்குங்கள். விதரிங் பகுதியின் ஈரத்தில் மெல்லிய தாள் ஒரு மாதம் தாங்காது.